ஒரு பிள்ளைக்கு மூன்று பேர்

சனிக்கிழமை காலையில் குதிரை லாயத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னமும் முகம் மாறும். அப்பா தலைமுறைக்குச் சிங்கப்பூரில் குதிரை என்றால் பந்தயத் திடல்தான்: முதலில் புக்கிட் தீமா, அப்புறம் கிராஞ்சி. சம்பளத்தை அங்கே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களின் கதைகள். கிராஞ்சியிலும் 2024 அக்டோபரோடு பந்தயம் முடிந்துவிட்டது. நான் போவது உடற்குறையுள்ள பிள்ளைகள் குதிரை ஏறிப் பழகும் மையம். நான்கு வருடமாக அங்கே தொண்டூழியம். (தமிழ்நாட்டு நண்பர்கள் ‘மாற்றுத்திறனாளி’ என்று திருத்த வருவீர்கள். எங்கள் ஊரில் புழங்குகிற சொல் இது, விட்டுவிடுங்கள்.)

போன வாரம் ஒரு நண்பர், “உனக்கு ரொம்ப நல்ல மனசுடா” என்றார். கூச்சமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. நல்ல மனசுக்காரர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. பஞ்சம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து நிற்கும் ஆளுக்குத்தான்.

கணக்கு எளிது. தானாக நிமிர்ந்து உட்கார முடியாத பிள்ளை ஏறினால், குதிரையின் கயிற்றைப் பிடித்து நடக்க ஒருவர், பிள்ளை சரியாமல் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க இரண்டு பக்கமும் சைட்வாக்கர் என்று ஒவ்வொருவர். மொத்தம் மூன்று பேர். அப்படி ஆறு பிள்ளைகள் என்றால் பதினெட்டுப் பேர். பதினேழு பேர் வந்தால் ஐந்து பிள்ளைகள்தான் ஏறலாம். மிச்சமிருக்கும் இரண்டு பேரை வைத்துச் சமாளிக்க முடியாது. குதிரை எதற்காவது மிரண்டால், கயிறு பிடிப்பவர் குதிரையை மட்டும்தான் பார்க்க வேண்டும், சைட்வாக்கர்கள் பிள்ளையை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒரு பக்கம் காலியாக இருந்தால் பிள்ளை அந்தப் பக்கம்தான் சரியும்.

அங்கே நான் முதலில் கூட நடந்த பிள்ளைக்கு எட்டு வயது. பெருமூளை வாதம். இரண்டு தொடையும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றோடொன்று இறுகியிருக்கும். சாய்தளத்தின் மேல் சக்கர நாற்காலியைக் கொண்டுபோய், அங்கிருந்து மெதுவாகக் குதிரை மேல் உட்கார வைக்கவே நேரமாகும். காலை இழுத்துப் பிரிக்கக் கூடாது. குதிரையின் உடம்புச் சூடு நம் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம், அது காலில் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டும். அவன் தொடைக்கு மேலாக என் முன்கையைப் போட்டு, சேணத்தின் முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும் போகும், இடமும் வலமும் சாயும், முன்னும் பின்னும் ஆடும். மேலே இருப்பவரின் இடுப்பும் கூடவே ஆடும், கிட்டத்தட்ட நாம் நடக்கும்போது ஆடுகிற மாதிரியே. சொந்தக் காலில் நடந்தே பார்க்காத பையனின் இடுப்பு அப்போது நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் என் முன்கைக்கு அடியில் அந்தத் தொடை இளகியது தெரிந்தது. படத்தில் பார்த்தால் இது புரியாது. கைக்குத்தான் தெரியும்.

அன்றைக்கே திட்டும் வாங்கினேன். உற்சாகப்படுத்துவதாக நினைத்து, “வெரி குட், சூப்பர், நிமிர்ந்து உட்காருடா கண்ணா” என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடந்தேன். பயிற்றுநர் குதிரையை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: அவன் கேட்க வேண்டியது ஒரே குரல், அது உங்களுடையது இல்லை. குதிரை மறுபடி கிளம்ப அவன் ‘வாக் ஆன்’ (நட) என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு சொல் உதட்டுக்கு வர அவனுக்குப் பத்து விநாடி ஆகும், சில நாள் அதற்கு மேலும் ஆகும். குதிரை நிற்கும். கயிறு பிடிப்பவர் நிற்பார். எனக்கு மட்டும் நாக்கு நமநமக்கும், அவனுக்குப் பதிலாகச் சொல்லிவிட. அதை அடக்கிக்கொள்வதுதான் இந்த வேலையில் பாதி. மற்ற பாதி லத்தி அள்ளுவது, குளம்பில் சிக்கிய மண்ணைச் சுரண்டுவது, குதிரைக்குத் தேய்த்துவிடுவது.

இதை அதிசய வைத்தியமாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. பேசாத குழந்தை குதிரை ஏறியதும் பேசியதாம். ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு உட்காரும் நிலையும் சமநிலையும் ஓரளவு மேம்படுவதாகச் சொல்கின்றன, அவ்வளவுதான். எல்லாரையும் ஏற்றவும் மாட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து எலும்பின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும், அவர்களுக்கு ஆபத்து. அதனால்தான் மருத்துவர் கடிதம் கேட்கிறார்கள்.

ஆனாலும் தூரம் போனவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்கு 1944-ல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், ஆண்களும் பெண்களும் சேர்ந்து போட்டியிட்ட டிரெஸ்ஸாஜில் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) வெள்ளி வென்றார். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரிட்டனில் உடற்குறையுள்ளவர்கள் குதிரை ஏறிப் பழகுவதற்கென்று ஒரு சங்கம் 1969-ல் உருவானது, சிங்கப்பூரில் 1982-ல். 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் நம் லாரன்ஷியா டான் இதே டிரெஸ்ஸாஜில் இரண்டு வெண்கலம் வென்றார், பாராலிம்பிக்கில் சிங்கப்பூரின் முதல் பதக்கங்கள். இவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரியும். ஹார்டெலை வாரா வாரம் தூக்கி ஏற்றிவிட்ட கை யாருடையதோ.

ஒருமுறை ஒரு நிறுவனத்திலிருந்து முப்பது பேர் ஒரே நிறச் சட்டையில் வந்தார்கள். வேலியடித்தார்கள், வண்ணம் பூசினார்கள், குதிரையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கெட்டவர்கள் இல்லை, வேலையும் நன்றாகவே செய்தார்கள். அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு ஒரு ஆள் குறைந்தது.

அவர்களைச் சொல்ல எனக்கென்ன தகுதி? போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக நானே வெள்ளி இரவு பதினொரு மணிக்கு ‘நாளை வர இயலாது’ என்று செய்தி அனுப்பினேன். மாற்று ஆள் கிடைக்கவில்லை. அன்று அந்தப் பையன் ஏறவில்லை, குதிரைக்குத் தேய்த்துவிட மட்டும் வைத்தார்களாம். அடுத்த வாரம் அவன் அம்மா என்னிடம் கோபப்படவே இல்லை. “பரவாயில்லண்ணே. வீட்டுக்கு வந்தும் குதிரை ஏறுற தொப்பியக் கழட்ட மாட்டேன்னுட்டான், அதோடயே சாப்பிட்டான்” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

வரலாமா என்று கேட்பவர்களுக்கு: குதிரை ஓட்டத் தெரிய வேண்டாம். நான் இன்றுவரை ஏறியதில்லை, குதிரைக்கும் எடை வரம்பு உண்டு. மணலில் அரை மணி நேரம் நடக்கத் தெம்பு வேண்டும், வாய் கொஞ்சம் மூடியிருக்க வேண்டும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் முடியும் என்றால் அதைச் சொல்லிவிட்டு அந்த இரண்டுக்கும் வாருங்கள். மூடிய காலணி போட்டுக்கொண்டு வாருங்கள். செருப்போடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள். நான் முதல் நாள் அப்படித்தான் வாசலோடு திரும்பி வந்தேன்.