வண்டி ஓடுற ரோட்டுக்குத்தான் டயர்

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவில் என்ன டயர் போடலாம் என்று ஒரு தம்பி கேட்டதற்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு மறுபடி கிளறப் போவதில்லை. இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று ராத்திரி அவனே புது டயரோடு படம் போட்டிருக்கிறான். 265/70 ஆர்17, கம்பெனி போட்டுத் தருவதை விடப் பெரிய சைஸ். கீழே வரிசையாக நெருப்பு பொம்மை, "இப்பத்தான்டா வண்டி வண்டியாட்ட இருக்குது" என்று வாழ்த்து. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவன் கேட்டது சின்னக் கேள்வி. ஸ்கார்ப்பியோ-என். கம்பெனி டயர் 245/65 ஆர்17, தேய்ந்துவிட்டது. தினமும் பொள்ளாச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு வால்பாறை. என்ன டயர் போடலாம்?

நான் சொன்னது இவ்வளவுதான்: அதே சைஸில் ஹெச்டி போடு, அதாவது ஹைவே டெரெய்ன், தார் ரோட்டுக்கான டயர். கல், மண், சேறு எல்லாவற்றுக்குமான ஏடி, அதாவது ஆல் டெரெய்ன்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், அதே சைஸிலேயே, பட்டன் (ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டி) நெருக்கமாக இருக்கிற மிதமான ஏடியாகப் பார்த்துப் போடு. வண்டி எந்த ரோட்டில் ஓடுகிறதோ அந்த ரோட்டுக்குத்தான் டயர்.

இதற்குத்தான் "பயந்தாங்கொள்ளி டயர்", "அங்கிளுக்கு வயசாயிருச்சு", "இவருக்கெல்லாம் எதுக்கு எஸ்யூவி". சொன்னவர்களில் நாலு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஒருத்தருக்கு நடுராத்திரி ஆழியாறு செக்போஸ்ட் வரைக்கும் ஜாக்கி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் என் வலி பெரிய விஷயமில்லை. அந்தத் தம்பி வண்டியில் அவன் அம்மா உட்கார்ந்து போகிறார். அதுதான் விஷயம்.

நான் ஏட்டில் படித்துவிட்டுப் பேசவில்லை. இதே 265/70 ஆர்17 ஏடியை நானும் போட்டவன். இதே வண்டிக்கு.

2023-இல். வண்டி வாங்கிப் பதினோரு மாதம். டயரில் இன்னும் பாதி ஆயுள் இருந்தது. ஒரு டயர் கடையில் பேலன்சிங் பார்க்கப் போனவனை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "ணா, இந்த வண்டிக்கு இது போட்டாத்தானுங்ணா கெத்து" என்று எடுத்துக் காட்டினார்கள். நாலும் சேர்த்து எண்பதாயிரத்துக்கு மேல். போட்டேன். வண்டி நிஜமாகவே அழகாக இருந்தது. அன்றைக்கு நானும் படம் போட்டேன், நீங்களும் நெருப்பு விட்டீர்கள்.

அழகைத் தாண்டி வேறு என்ன வந்தது என்று கணக்குப் பார்ப்போம். 245/65 என்றால் அகலம் 245 மில்லிமீட்டர்; பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் மொத்தச் சக்கரம் 750 மில்லிமீட்டர் உயரம். 265/70 போட்டால் அது 803 ஆகிறது. 7 சதவீதம் கூடுதல். அதில் பாதிதான் வண்டியின் வயிற்றுக்குக் கீழே கிடைக்கும், 26 மில்லிமீட்டர், ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்காக மீட்டர் 100 காட்டும்போது வண்டி 107-இல் போகிறது. சக்கரத்தின் ஆரம் கூடுவதால் அதே மிதிக்கு ரோட்டில் கிடைக்கிற பிரேக் பிடி அதே அளவு குறைகிறது. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் இழுவை மந்தம். வால்பாறை ஏற்றத்தில், 40 கொண்டை ஊசி வளைவில், ஒவ்வொரு வளைவிலும் இது தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. முழுசாக ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். ஆறாவது வளைவில் ஓரமாக நிறுத்திக் கீழே குனிந்து பார்த்தேன். மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக்கை டயர் சீவிச் சீவி எடுத்திருந்தது. பென்சில் சீவினால் விழுமே, அந்த மாதிரி கறுப்புச் சுருள் உள்ளே ஒட்டிக் கிடந்தது. கடையில் வெறும் வண்டியில் திருப்பிக் காட்டியபோது உரசவில்லை. ஆறு பேரும் மூட்டையும் ஏறி ஸ்பிரிங் அமுங்கினால்தான் உரசும். எந்தக் கடையிலும் ஆறு பேரை ஏற்றி வைத்துப் பார்க்க மாட்டார்கள்.

எடையையும் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துக் குடோனில் தேங்காய் நிறுக்கிற தராசில் பழைய சக்கரத்தையும் புதுச் சக்கரத்தையும் ஏற்றிப் பார்த்தேன். சக்கரத்துக்கு ஏழு கிலோ வித்தியாசம். கூரையில் 28 கிலோ ஏற்றுவதும் சக்கரத்தில் 28 கிலோ ஏற்றுவதும் ஒன்றல்ல. சக்கரத்தில் ஏறின எடையை ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் சுழற்ற வேண்டும், ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அடக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் அதைத் தாங்குவது சஸ்பென்ஷன்தான்.

மைலேஜ் 14-இலிருந்து 12-க்கு வந்தது. இதில் ஒரு நியாயமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். பெரிய சக்கரம் போட்டால் ஓடின தூரத்தையும் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். திருத்திப் பார்த்தால் 12.8. ஆக, எல்லாரும் பயமுறுத்துகிற அளவுக்கு டீசல் குடிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். டீசல் காசு என் கவலையில்லை.

என் கவலை மழை.

2023 அக்டோபர். வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ. உடுமலை ரோட்டில் தோட்டத்திலிருந்து திரும்பி வருகிறேன். பக்கத்தில் மகள். மீட்டரில் 50. முன்னால் ஒரு டிவிஎஸ் வண்டி, பின்னால் இரண்டு பால் கேன் கட்டியிருந்தது. ஓட்டினவருக்கு எழுபது வயதிருக்கும். அவர் முன்னால் ஆடு குறுக்கே வந்து அவர் நின்றுவிட்டார். நான் மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் காலில் கடகடவென்று தட்டுகிறது, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. அந்த இரண்டு நொடி இன்றைக்கும் என் வலது காலில் இருக்கிறது. பழைய டயரில் அதே ரோட்டில், அதே மாதிரி மழையில் எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறேன். கால் அந்தக் கணக்கில்தான் மிதித்தது. வண்டி வேறு கணக்கில் நின்றது.

கேனில் இடித்து நின்றேன். பெரியவர் கீழே விழவில்லை, அது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம். கேன் ஒன்று உருண்டு மூடி திறந்து, ரோட்டோர மழைத் தண்ணியில் பால் கலந்து வெள்ளையாக ஓடியது. மகள் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. குனிந்து என் டயரைப் பார்த்துவிட்டு, "டயரு புதுசாட்டத்தான இருக்குது, அப்புறம் ஏனுங் தம்பி நிக்கல?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதில்தான் எனக்கு டயர் தெரிந்தது.

ஒரு டயர் ரோட்டைத் தொடுவது விரித்த கை அளவு இடத்தில்தான். ஹெச்டி டயரில் அந்த இடத்தில் பெரும்பகுதி ரப்பர். ஏடியில் பட்டனுக்குப் பட்டன் அகலமான பள்ளம், அதனால் தார் ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் குறைவு. கல்லிலும் மண்ணிலும் அறுபடாமல் இருக்க ரப்பரின் கலவையும் பொதுவாகக் கொஞ்சம் கெட்டி. பட்டன் உயரமாக இருப்பதால் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது அதுவே வளைந்து நெளியும். தேங்கி நிற்கிற தண்ணீரில் ஏடியின் ஆழமான பள்ளம் தண்ணீரை நன்றாக வெளியே தள்ளும், அதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் ஆபத்து தேங்கின தண்ணீரில் மட்டும் இல்லை. பல மாத எண்ணெயும் புழுதியும் படிந்த தாரின் மேல் விழுகிற முதல் தூறலில் இருக்கிறது. அங்கே வேலை செய்வது ரப்பரின் பிடியும் பட்டனில் கீறியிருக்கிற மெல்லிய கோடுகளும்.

"ஏடியில எம்+எஸ் போட்டிருக்குதே, மழைக்கு நல்லதுதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். எம்+எஸ் என்றால் சேறும் பனியும். நனைந்த தாரில் எத்தனை அடியில் நிற்கும் என்பதற்கு அது சான்று இல்லை. மலை போட்டு உள்ளே பனிச்செதில் வரைந்த முத்திரை உறைபனிக்கானது. பொள்ளாச்சியில் உறைபனி பெய்யாது.

"நீ வேகமா வந்திருப்பே, டயர் மேல பழி போடறே" என்று நாளைக்கு ஒருவர் சொல்வார். மீட்டரில் 50 என்றேன். மேலே சொன்ன கணக்கின்படி நிஜத்தில் 53, 54. அந்த மூன்று நாலு கிலோமீட்டரும் டயர் கொடுத்ததுதான். "மீட்டர் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தானே காட்டும், சரியாயிரும்" என்பவர்களுக்கு: கூட்டிக் காட்டுவது நம்மைக் காப்பாற்றத்தான். அந்தக் காப்பைப் பெரிய டயருக்குத் தின்னக் கொடுக்க வேண்டுமா?

இன்னொரு உண்மையையும் நானே சொல்கிறேன், நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லும் முன். பக்கச்சுவரில் கடைசி நாலு எண்ணைப் பிறகுதான் பார்த்தேன். 3420. 2020-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம் செய்தது. எனக்குப் புதுசு என்று விற்கும்போது அதற்கு மூன்று வயது. பெரிய சைஸ் மெதுவாகத்தான் விற்கும், குடோனில் கிடக்கும். "அப்ப பழைய டயர்தானே காரணம், ஏடி என்ன பண்ணுச்சு" என்கிறீர்களா? அதுவும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் கம்பெனி சைஸ் வாங்கியிருந்தால் அது வேகமாக விற்கிற சைஸ், புதுச் சரக்கு கிடைத்திருக்கும். எப்படிச் சுற்றினாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறது. டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்த நாலு எண்ணைப் பாருங்கள். பார்த்த பிறகு டீ குடியுங்கள்.

"மஹிந்திரா தார் வண்டிக்குக் கம்பெனியே ஏடி போட்டுத்தானே தர்றான்?" ஆமாம், தருகிறான். 255/65 ஆர்18, 245/75 ஆர்16. அந்த அளவுக்கு ஸ்பிரிங், பிரேக், ஏபிஎஸ், மீட்டர் எல்லாம் சேர்த்துச் செய்து, ஓட்டிப் பார்த்துத் தருகிறான். நீ கடையில் இருபது நிமிஷத்தில் மாற்றுவது அது இல்லை. தார் வைத்திருக்கிறவர்கள் அதே அளவில் அதே மாதிரி ஏடி போடட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

"லடாக் போகணும்." போய் வா. மணாலியிலிருந்து லே வரைக்கும் இப்போது பெரும்பகுதி தார்தான். ரோடு திறந்திருக்கிற மாதங்களில் டாக்ஸிக்காரர்கள் இன்னோவாவில் போய் வருகிறார்கள். பத்து நாள் பயணத்துக்காக மூன்று வருஷம் அவினாசி ரோட்டில் ஏடி ஓட்ட வேண்டியதில்லை.

"பஞ்சர் ஆகாது." குறையும். கெட்டி ரப்பர், எல்டி (லைட் டிரக், அதாவது சிறு லாரிக்கான) வகையில் பக்கச்சுவரும் கெட்டி. கல்லில் சீக்கிரம் கிழியாது. உண்மை. ஆனால் எல்டி டயர் அதே பாரத்தைத் தாங்க அதிகக் காற்று கேட்கும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவிலேயே காற்றடித்தால் அதன் முழு பலம் கிடைக்காது. கூட்டி அடித்தால் முதுகு சொல்லும். எங்கள் அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து, "ஏங்கண்ணு, மாட்டு வண்டியாட்டத் தூக்கிப் போடுது" என்றதை நான் மறக்கவில்லை.

"தோட்டத்துக்குப் போகணுமே." நானும் தோட்டக்காரன்தான். செம்மண் தடத்தில் எந்த டயரும் போகும். மழையில் நனைந்த கரிசலில் ஏடியும் போகாது. பள்ளம் முழுக்கக் களி அப்பிக்கொண்டு டயர் மொழுமொழுவென்று உருண்டையாகிவிடும். டிராக்டர் வைத்து இழுத்திருக்கிறேன், இதே ஏடியோடு.

வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வாரண்டி, இதெல்லாம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஸ்டெப்னியை மட்டும் சொல்கிறேன். நாலு டயர் பெரிசு, அடியில் தொங்குகிற ஐந்தாவது பழைய சைஸ். வழியில் அதை மாட்டி ஓட்டினால் இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். இரண்டு பக்கத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலுக்கு அது நல்லதில்லை. இதை எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை.

நான் ஏடிக்கு எதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு டயரையும் பாதி விலைக்கு வால்பாறையில் ஓர் எஸ்டேட் வண்டிக்குக் கொடுத்தேன். தேயிலைக்குள் கல் தடம், வருஷத்தில் பாதி நாள் சேறு, இருபது கிலோமீட்டருக்கு மேல் வேகமே கிடையாது. அங்கே அது பொன்னாக உழைக்கிறது. டயரில் குற்றமில்லை. அதை நான் ஓட்டின ரோட்டில்தான் குற்றம். இதை எத்தனை தடவை சொன்னாலும் "அங்கிள் ஏடியைத் திட்டறார்" என்றே படிக்கிறீர்கள். படித்துவிட்டுப் பேசுங்கள் என்று கேட்கிற உரிமை கூட எனக்கு இல்லையா? இந்தப் பக்கத்தில் எட்டு வருஷமாக யார் வண்டி நின்றாலும் முதல் போன் எனக்குத்தானே வருகிறது?

கெத்து கெத்து என்கிறீர்கள். ரோட்டில் பால் ஓடினதை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பால் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நனைந்துகொண்டே கேனை நிமிர்த்திக் கட்டினார் அந்தப் பெரியவர். நான் பிடித்துக்கொடுத்தேன், கை நடுங்கினது. இப்போதும் அந்த வழியில் போகும்போது அவர் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருகிறேன்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் மேல் கோபமில்லை. நானும் உன் வயதில் நூறு பேர் கைதட்டுகிற பக்கம்தான் போயிருப்பேன். கழற்றின பழைய டயர் தேய்ந்தது, அது போகட்டும். புதுசை மாற்றித்தர முடியுமா என்று கடையில் இந்த வாரமே கேள், வண்டி இன்னும் இருநூறு கிலோமீட்டர் கூட ஓடியிருக்காது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்னைக் கூப்பிடு, நானும் வந்து பேசுகிறேன். நம்பிக்கை வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வா. ஆறு பேர் ஏறி ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்ப்போம். தேங்காய்த் தராசு அங்கேயேதான் இருக்கிறது.