பிரீமியம் குறைவு என்பது மட்டும் போதாது
‘எந்த நாட்டில் படித்தாலும் இந்தியாவிலேயே பாலிசி எடுத்துச் செல்வதுதான் சிக்கனம்’ என்று வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களின் மருத்துவக் காப்பீடு பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது ஜெர்மனிக்குப் பொருந்தாது. அங்கே 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் சலுகைக் கட்டணத்தில், சட்டப்படி நடத்தப்படும் பொது மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். அதிலிருந்து விலக்குப் பெற்றுத் தனியார் காப்பீட்டுக்குப் போய்விட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பி வர வழியில்லை. காரைக்குடியிலிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குச் சென்ற என் அண்ணன் மகளும் இங்கே ஒரு முகவர் பேச்சை நம்பித்தான் பாலிசி வாங்கினாள். அவள் கிளம்பிய பிறகு, அண்ணனும் நானும் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பத்திரத்தை வரிவரியாகப் படித்தபோதுதான், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் செலவு தரப்படாது என்ற நிபந்தனை பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்டோம். சிறுவயது முதலே ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுத்துவரும் பெண் அவள். அப்போது அவள் விலக்குக் கோரியிருக்கவில்லை என்பதால் பொதுக் காப்பீட்டிலேயே சேர்ந்துகொண்டாள். இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. பிரிட்டனுக்கும் தனிப் பாலிசி வேண்டுமா என்று மேலே கேட்டிருக்கும் வாசகருக்கு: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் விசா விண்ணப்பத்துடனேயே மாணவர்கள் அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் செலுத்திவிடுகிறார்கள், 2024 பிப்ரவரி முதல் அது ஆண்டுக்கு 776 பவுண்டு, அதனால் பெரிய பாலிசி ஒன்றை இரண்டாவதாக வாங்கத் தேவையில்லை, ஆனால் பல் சிகிச்சைக்கும் கண்ணாடிக்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.