மாத்திரை வாரம் ஒருநாள், கல்லீரலுக்கு ஏழு நாளும் வேலை

"மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருநாள்தானே, மீதி ஆறு நாள் ஊட்டிக் குளிருக்கு ரெண்டு பெக் போடலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு இந்த மாத்திரை எடுப்பவர்கள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம். அந்த ஒருநாள் மாத்திரை செல்களுக்குள் நாள்கணக்கில் தங்கியிருக்கும். அதுவும் மதுவும் சேர்ந்து கல்லீரலைத்தான் கெடுக்கும். அடிக்கடி ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வது அதற்காகவும்தான். குளிர் விடும் என்பதும் தப்பு: தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடாகத் தெரியும், உள்சூடு வெளியே போய்விடும்.

அப்புறம் பீடி. கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் என் சித்தப்பாவுக்கு உள்ளங்கை முழுக்கச் சீழ்க்கொப்புளம், கூடையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. சொரியாசிஸில் இந்த வகை புகைப்பவர்களுக்கே அதிகம் வருகிறது. மருத்துவரிடம் குடி, புகை இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தையே அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.