அந்த வரி ஷேக்ஸ்பியருடையது அல்ல

"புறக்கணிக்கப்பட்ட பெண்ணின் சீற்றத்துக்கு நரகமும் ஈடாகாது என்று ஷேக்ஸ்பியரே சொல்லிவிட்டார், பெண்ணின் இயல்பே அதுதான்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. அந்த வரி ஆங்கில நாடகாசிரியர் வில்லியம் காங்கிரீவ் எழுதிய 'தி மோர்னிங் பிரைட்' (துயருறும் மணமகள்) என்ற துன்பியல் நாடகத்தில் வருகிறது. அது மேடையேறிய ஆண்டு 1697. ஷேக்ஸ்பியர் 1616-லேயே இறந்துவிட்டார்.

சொல்பவள் ஸாரா, சிறைப்பட்ட அரசி. தான் காதலிப்பவனின் மனம் இன்னொருத்தியிடம் இருப்பதை அறிந்த கொதிப்பில், மூன்றாம் அங்கத்தின் முடிவில் சொல்கிறாள். அதற்கு முந்தைய வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வெறுப்பாக மாறிய காதலைப் போன்ற கோபம் வானுலகிலும் இல்லை என்கிறது அது. அதில் ஆண், பெண் என்ற பேச்சே கிடையாது. அடிபட்ட ஒருத்தியின் கதறலை வெட்டியெடுத்து, பெண்கள் எல்லோர் மீதும் தீர்ப்பாக ஒட்டுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

இசை முரட்டு நெஞ்சையும் ஆற்றும் என்ற புகழ்பெற்ற வரியும் இதே நாடகத்தின் தொடக்கம்தான். அதைச் சொல்லும் நாயகி அல்மீரியா அடுத்து என்ன சொல்கிறாள், தெரியுமா? மரமும் கல்லும் இசைக்கு இளகுமாம், என் துயரம் மட்டும் ஆறவில்லையே என்று புலம்புகிறாள்.