பேன்ட் போட்டால் ஆள் தெரியாதா?

நாயகி பையன் வேஷம் போட்டுத் திரிகிற ரீஜென்சி காதல் கதைகள் பிடிக்கும் என்று சொன்னாலே ஒரு கேள்வி வரும். "பொண்ணு பேன்ட் மாட்டிக்கிட்டா எவனுக்கும் தெரியாதாமா?" கன்னத்தில் மரு ஒட்டினால் மாறுவேடம் என்கிற நம்மூர் சினிமாவோடு சேர்த்து ஒரு சிரிப்பு வேறு.

சிரியுங்கள். ஆனால் அந்தக் காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு மனநிலை சரியில்லாமல் மகன் ரீஜென்டாக, அதாவது அவருக்குப் பதிலாக, ஆட்சியைப் பார்த்துக்கொண்ட 1811–1820 இங்கிலாந்து அது. போட்டோ கிடையாது. உடுப்பு, பேச்சு, கையிலிருக்கும் அறிமுகக் கடிதம், இவ்வளவுதான் அடையாளம்.

1817இல் பிரிஸ்டல் பக்கம் ஆல்மண்ட்ஸ்பரி கிராமத்துக்கு ஒரு பெண் வந்து நின்றாள். தலைப்பாகை, யாருக்கும் புரியாத மொழி. தனக்குப் புரிகிறது என்று ஒரு போர்த்துகீசிய மாலுமி கிளம்பினார். ஜவாசு தீவின் இளவரசி கராபூ, கடற்கொள்ளையர் கடத்திவிட்டார்கள் என்று மொழிபெயர்த்தும் கொடுத்தார். (இந்த மாலுமியை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு அடங்காது.) மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ராஜ உபசாரம். பத்திரிகையில் சேதி பார்த்து, முன்பு அவளுக்கு அறை கொடுத்திருந்த அம்மாள் ஆளைக் காட்டிக்கொடுத்தார். டெவன்ஷயர் செருப்புத் தைப்பவரின் மகள் மேரி பேக்கர்!

டாக்டர் ஜேம்ஸ் பாரி இன்னும் பெரிய ஆள். 1812இல் எடின்பரோவில் பட்டம், மறு வருஷம் ராணுவ வேலை, கடைசியில் ராணுவ மருத்துவமனைகளுக்கே தலைமை. பெண்ணாகப் பிறந்தவர் என்ற பேச்சு வெளியே வந்தது 1865இல் இறந்த பிறகு.

இதெல்லாம் நடந்திருக்கும்போது, ஒரு நாயகி நாலு நாள் பையனாகத் திரிவது நம்ப முடியாததா? அவளுக்கு வேறு வழிதான் என்ன? கல்யாணமானால் சொத்து புருஷன் கைக்குப் போகும். கல்யாணமாகாத பெண் துணையில்லாமல் ஒரு ஆணோடு ஊர் தாண்டினால் பெயர் போச்சு. கால்சட்டை போட்டால்தான் நாயகனோடு குதிரை பூட்டிய கோச் வண்டியில் உட்கார்ந்து, நாலு வார்த்தை சண்டை போட்டு, இவன் தேறுவானா என்று பார்க்க முடியும்.

எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயரின் 'தி கொரிந்தியன்' (1940) நாவல் எனக்குப் பிடிப்பது இதனால்தான். மீன் மூஞ்சி அத்தான் வேண்டாம் என்று பதினேழு வயது பெண் பையன் உடுப்பில் ஜன்னல் வழியாக இறங்குகிறாள். கீழே நிற்கும் நாயகன் சர் ரிச்சர்டுக்கு அவள் பெண் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. ஏமாறுவது ஊர்தான்! கடைசியில் நடுரோட்டில் அவளை முத்தமிடும்போதும் அவள் பையன் உடுப்பில்தான் இருக்கிறாள். கோச் வண்டியில் இருப்பவர்கள் அதிர்ந்துபோகிறார்கள்.

இப்போது எழுதுகிறவர்களில் பலர் கடைசி அத்தியாயத்தில் நாயகிக்குப் பட்டு கவுன் மாட்டி, நடன அரங்கில் இறக்கி, நாயகனை வாய்பிளக்க வைக்கிறார்கள். அத்தனை நாள் கூடவே சண்டை போட்டவள் அவனுக்கு அப்போதுதான் கண்ணில் படுகிறாளாம். நம்ப முடியாதது இதுதான் என்பேன்.