மூன்று பாட்டு, நான்கு நிமிடம்

நேற்று ராத்திரி ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘மூன்று ஜப்பானியப் பாடல்க’ளையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய சாதனை ஒன்றும் இல்லை, மூன்றும் சேர்ந்தே ஏறக்குறைய நான்கு நிமிடம்தான். 1912-13இல் எழுதியவை. ஒரு பெண் குரல், இரண்டு புல்லாங்குழல், இரண்டு கிளாரினெட், பியானோ, நான்கு தந்தி வாத்தியங்கள். வரிகள் தன்கா என்ற பழைய ஜப்பானியக் குறுங்கவிதைகள், ரஷ்ய மொழிபெயர்ப்பில்.

பாடல்கள் வந்த நாளிலேயே ஒரு குறை கிளம்பியது. ரஷ்யச் சொற்களில் அழுத்தம் விழவேண்டிய இடத்தில் விழவில்லையாம். அவர் தெரிந்தேதான் அப்படிச் செய்தார். ஜப்பானிய மொழியில் அந்த மாதிரி அழுத்தமே கிடையாது. ஜப்பானிய ஓவியம் தூரத்தையும் ஆழத்தையும் கையாளும் விதம் அவரைப் பிடித்து உலுக்கியிருந்தது, எல்லா அசையையும் ஒரே எடையில் வைத்து அதற்கு ஈடான ஒன்றை இசையில் தேடினார்.

நான் அவர் கட்சி. தமிழ்க் காதுக்கு இதில் அதிர்ச்சியே இல்லை. தன்காவுக்கு 31 அசை என்று எழுதுகிறோமே, சரியாகச் சொன்னால் அது 31 மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அப்படியே நம் கணக்கு. ஒற்றில்தான் வித்தியாசம்: நமக்கு அரை, அவர்களுடைய ‘ன்’னுக்கு முழுசாக ஒன்று. ஆனால் மொழிபெயர்ப்பில் அந்த 31 காணாமல் போய்விட்டது. அவர் சமமாக்கியது ரஷ்ய அசைகளைத்தான். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

முதல் பாட்டின் வரிகள் பழைய ஜப்பானியக் கவிஞர் அகாஹிதோவுடையவை. உனக்குக் காட்ட நினைத்த வெள்ளைப் பூக்கள், பனி பெய்துவிட்டது, இப்போது எது பூ எது பனி? குரல் ஒரே சீராக நடக்கிறது, கீழே ஒரு சின்னச் சுரக்கோவை விடாமல் சுற்றுகிறது. எந்தச் சொல்லும் தூக்கிக் காட்டப்படவில்லை. பூவும் பனியும் ஒன்றாகிப்போன கவிதைக்கு வேறு எப்படி மெட்டுப் போடுவது? இரண்டாவதில் பனிக்கட்டி விரிசல் வழியே தண்ணீர் பீறிடுகிறது. வாத்தியங்கள் முதலில் ஓடித் தீர்க்கின்றன, பாடகி காத்திருந்துதான் வாய் திறக்கிறார்.

ஜப்பானியக் கவிதை என்றதும் மணியோசையையும் மூங்கில் குழலையும் போட்டுப் பத்து நிமிடம் இழுப்பவர்கள் இதைக் கொஞ்சம் கேட்கலாம்.

அப்புறம் ஒரு கிளைக்கதை. அகாஹிதோ பாட்டு மொரீஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளருக்குச் சமர்ப்பணம். 1914 ஜனவரி 14 அன்று பாரிஸில் இந்தப் பாடல்கள் அரங்கேறிய அதே கச்சேரியில், இந்தியா வந்துபோன டெலாஜின் நான்கு ‘இந்து’ப் பாடல்களும் பாடப்பட்டன. அதில் முதல் பாட்டின் பெயர் ‘மெட்ராஸ்’. வரிகள் சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியுடையவை. நானும் பலமுறை கேட்டுவிட்டேன், மெட்ராஸ் மட்டும் இன்னும் காதில் படவில்லை.