கண்ணாடிச் சட்டத்துக்குள் என் பெயர்

மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் மருந்தாளுநர்களிடம் வேலையில் திருப்தி உண்டா என்று கேட்டால், பேச்சு முதலில் சம்பளத்தில்தான் தொடங்கும். அதில் தவறில்லை. 4 ஆண்டுகள் பி.பார்ம் படித்து, மாநில மருந்தியல் கவுன்சிலில் பதிவு செய்து, காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டரை இழுத்து மூடும் வரை நிற்கும் ஒருவர், தன் சம்பளத்தைப் பக்கத்துத் துணிக்கடை விற்பனையாளரின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவது இயல்புதான். ஆனால் 14 ஆண்டுகளாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் என்ற முறையில் எனக்கு வேறொரு கருத்து இருக்கிறது. படித்த வேலையைச் செய்ய எங்களுக்குக் கடையில் இடமில்லை. சம்பளக் குறையைக்கூடப் பழகிக்கொள்ளலாம். இதைப் பழகிக்கொள்ள முடியவில்லை. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடையை விட்டுவிட்டு, மாதம் 4,000 ரூபாய் குறைவாகத் தரும் ஒரு சின்னக் கடைக்கு நான் வந்தபோது வீட்டில் எல்லோரும் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். அந்த முடிவை இன்றுவரை நியாயப்படுத்துவது ஒரு இரவில் நடந்த சம்பவம்.

கடை மூடும் நேரம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியம்மா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்து, வாய்ப்புண்ணுக்குப் போடும் ஜெல் ஒன்று வேண்டும் என்றார். கேட்டதை எடுத்துக் கொடுத்து, கூடவே பி காம்ப்ளக்ஸ் ஒரு அட்டை சேர்த்துப் பில் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். கூட்டம் இல்லாததால், "வேற என்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன். மூட்டு வலிக்குப் புதிதாக ஒரு டாக்டரிடம் போனதாகச் சொல்லி, பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். உள்ளே மெத்தோட்ரெக்சேட் இருந்தது. சீட்டில் வாரம் ஒருமுறை என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் மருந்து வாங்கிய கடையில் யாரோ உறையின் மேல் மற்ற மாத்திரைகளுக்குப் போடுவதைப் போலவே 0-0-1 என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெரியம்மா ஒன்பது நாட்களாகத் தினமும் இரவு சாப்பிட்டு வந்திருக்கிறார். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் இந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உற்பத்தியாவது குறைந்துபோகும். அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று வாய்ப்புண். அவருடைய மகனைத் தொலைபேசியில் அழைத்து, அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பத்து நாட்களுக்கு மேல் படுக்கையில் இருந்து பிழைத்து வந்தார்.

அன்று என் கடைக்கு அந்த அம்மாவால் ஒரு ரூபாய் வியாபாரமும் இல்லை. என் 14 ஆண்டுகளில் நான் மருந்தாளுநராக முழுமையாக வேலை செய்த நாட்களை எண்ணச் சொன்னால் அந்த நாளைத்தான் முதலில் எண்ணுவேன்.

சட்டப்படி பார்த்தால் தினமும் இப்படித்தான் இருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாத ஒருவர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கக் கூடாது என்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளும் பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையை வலியுறுத்துகின்றன. 2015இல் வந்த மருந்தியல் தொழில்நடைமுறை ஒழுங்குமுறை இன்னும் ஒரு படி மேலே போய், வெள்ளைக் கோட்டு, பெயரும் பதிவு எண்ணும் பொறித்த பட்டை, நோயாளிக்கு மருந்து பற்றிய ஆலோசனை என்றெல்லாம் விவரிக்கிறது. படிக்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. நடப்பிலோ, எத்தனையோ கடைகளில் மருந்தாளுநர் என்பவர் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழாக மட்டுமே இருக்கிறார். ஆள் வேறெங்கோ வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார், சான்றிதழுக்கு மாத வாடகை மட்டும் போய்ச் சேரும். அரசாங்கத்தின் சட்டத்தையும் ஆணியில் தொங்கும் சட்டத்தையும் குறிக்கத் தமிழில் ஒரே சொல் இருப்பது தற்செயல்தான் என்றாலும், இந்தத் தொழிலுக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இதில் முதல் குற்றவாளிகள் சான்றிதழை வாடகைக்கு விடும் எங்கள் ஆட்களே. மாதம் சில ஆயிரத்துக்கு என் படிப்பு வாடகைக்குக் கிடைக்கும் என்றால், நேரில் வந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் எனக்கு முதலாளி எதற்காகக் கூடுதலாகத் தரப் போகிறார்?

பணத்தின் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதமும், மற்ற மருந்துகளில் வழக்கமாக 20 சதவீதமும் லாப வரம்பு. வாசலில் 15 சதவீதம் தள்ளுபடி, 20 சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைத்துவிட்டால், வாடகை, மின்கட்டணம், குளிர்சாதனப் பெட்டி, ஆட்களின் சம்பளம் எல்லாம் எங்கிருந்து வரும்? சத்துமாவு டப்பா, சோப்பு, முகப்பூச்சு என்று லாபம் அதிகமுள்ள சரக்கிலிருந்துதான் வர வேண்டும். மருந்தாளுநர் சொல்லும் ஆலோசனைக்கு இந்தக் கணக்கில் ஒரு பைசாகூடக் கிடையாது என்பதால், அதற்குச் செலவாகும் நேரம் முதலாளியின் கண்ணுக்கு நஷ்டமாகவே தெரிகிறது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல், தொண்டை வலி, காது வலி உள்ளிட்ட 7 உபாதைகளுக்கு மருந்தாளுநரே நோயாளியைப் பார்த்து மருந்து தரலாம் என்று திட்டம் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு ஆலோசனைக்கும் அரசு கடைக்கு 15 பவுண்டு தருவதாகத் தொடங்கினார்கள். அங்கேயும் மருந்தாளுநர்கள் வேலைப் பளுவால் நொந்துதான் போயிருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் பேசுவது வேலை என்று கணக்கில் ஏறுகிறது.

பெரிய கடையில் நான் இருந்த காலத்தில் ஒரு பில்லுக்குக் குறைந்தது மூன்று பொருள் என்பது எழுதப்படாத கட்டளை. மாதக் கடைசியில் மேலாளர் ஒவ்வொருவரின் எண்ணிக்கையையும் குழுவில் போடுவார். அங்கே ஒருநாள், குப்பி இன்சுலின் வாங்க வந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்ற பையன் ஆரஞ்சு மூடி ஊசியை எடுத்துப் பையில் போட்டுவிட்டான். நம் ஊர்க் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். ஆரஞ்சு மூடி ஊசியோ 100 யூனிட் இன்சுலினுக்கானது. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். வரிசையை நிறுத்தி, அவரைத் திரும்ப அழைத்து, சிவப்பு மூடி ஊசியாக மாற்றிக் கொடுத்து விளக்கினேன். அன்று மாலை மேலாளர் என்னிடம் கேட்டது, "ஏன் மேடம், ஒரு ஆளுக்கு ஆறு நிமிஷமா?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பிறகு சம்பள உயர்வு வந்தபோதும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

இப்போதைய முதலாளி பிளஸ் டூ வரை படித்தவர். போன வருடம் இரண்டு பையன்கள் சீட்டு இல்லாமல் டேபெண்டடால் என்ற வலி மாத்திரை கேட்டு வந்தார்கள். போதைக்குத்தான் கேட்கிறார்கள் என்பது மருந்துக்கடையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். இல்லை என்றதும் குரல் உயர்ந்தது, கண்ணாடி உடையும் என்ற பேச்சும் வந்தது. கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்து, "அவங்க இல்லைன்னா இல்லைதான் தம்பி, கிளம்பு" என்றார். ஒரு வாக்கியம்தான். அதற்குப் பதிலாக, "கொடுத்து அனுப்பும்மா, எதுக்கு வம்பு" என்று சொல்லும் முதலாளிகளிடம் வேலை பார்க்கும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக், அல்பிரசோலம் என்ற மனப்பதற்ற மாத்திரை போன்ற, கட்டுப்பாடு அதிகமுள்ள எச்1 பட்டியல் மருந்துகளுக்கு, சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, அளவு என எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியது நாங்கள், கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது வேறொருவர் என்றால் அந்த வேலையில் தூக்கம் வராது.

உடம்பு சார்ந்த குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கடையிலும் ஒரு ஸ்டூல் வாங்கினார்கள்; அதன் மேல் எப்போதும் ஏஜென்சியிலிருந்து வந்த பெட்டிகள் இருக்கும். கழிவறை இல்லாத கடைகளில் பெண்கள் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்களும் அவர்களேதான். 2020 மார்ச் 22 அன்று மாலை 5 மணிக்கு கொரோனா பணியாளர்களுக்கு நன்றி சொல்ல ஊரே கை தட்டியபோது நான் கவுண்டரில் நின்று முகக்கவசம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கை தட்டல் எங்களுக்கும் சேர்த்துத்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

இப்படிப் பேசும்போதெல்லாம், சொந்தமாகக் கடை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பதில் வரும். 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுவதும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியமும் உண்டு. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கான அறிவிப்பிலும் பி.பார்ம், டி.பார்ம் முடித்தவர்கள் "அல்லது அவர்களின் ஒப்புதலுடன்" மற்றவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற வரியைப் படித்தபோது, நடைமுறையில் அந்த ஒப்புதல் எந்த உருவத்தில் சுவரில் தொங்கும் என்ற பழைய பயம் எனக்கு வந்தது. மேலும், மருந்தாளுநர் எல்லோரும் வியாபாரியாக வேண்டும் என்பது என்ன நியாயம்? கடன், கொள்முதல், எக்ஸ்பயரி ஆன சரக்கு என்று அலைபவருக்கு நோயாளியிடம் பேச இன்னும் குறைவாகத்தான் நேரம் மிஞ்சும்.

பெரியம்மா சம்பவத்துக்குப் பிறகு நான் முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கவுண்டரின் ஓரத்தில் ஒரு சின்ன மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டால், நீண்ட நாள் மருந்து சாப்பிடுபவர்களை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசலாம், எந்த மாத்திரை எந்தக் கிழமை என்று அட்டையிலேயே தமிழில் எழுதித் தரலாம் என்றேன். அவர் இடத்தை அளந்துகூடப் பார்த்தார். "செய்யலாம்மா, நல்ல யோசனைதான்" என்றார். போன சித்திரையில் அந்த இடத்துக்குக் குளிர்பானப் பெட்டி வந்துவிட்டது. மாத்திரை அட்டையில் கிழமை எழுதும் வேலையை நான் இப்போது அதன் மேல் வைத்துத்தான் செய்கிறேன்.